யாழ்ப்பாணத்தில் சூழல் கல்வி: பல்கலைக்கழகச் சமூகத்தினர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் திருநெல்வேலி வளாகத்திலும் கிளிநொச்சி அறிவியல் நகரிலும் படிப்போர், படிப்பிப்போர், பணியாற்றுவோர் எனப் பலரும் சூழல் பற்றிய செய்திகளையும் தரவுகளையும் தேடும்போது எழுப்பும் கேள்விகளுக்கு இங்கே விடை தரப்படுகிறது. செய்தியை விட, அந்தச் செய்தியை எப்படி வாசிப்பது, அதன் பின்னாலுள்ள தரவை எங்கே தேடுவது என்பவற்றுக்கே கூடுதல் இடம் ஒதுக்கப்பட்டுள்ளது.

குடாநாட்டின் சூழலைப் படிக்கத் தொடங்குபவர் முதலில் எதை அறிந்திருக்க வேண்டும்?

நிலத்தடி நீரை. யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு எதுவும் இல்லை. மாரியில் மட்டும் ஓடி, அராலிப் பக்கமாகக் கடனீரேரியில் சேரும் வழுக்கையாறு ஒன்றே ஆறென்று சொல்லத்தக்கது. குடிப்பதற்கும் தோட்டத்துக்கும் தலைமுறை தலைமுறையாக நாம் நம்பியிருப்பது, மயோசீன் காலச் சுண்ணக்கற் பாறையின் வெடிப்புகளிலும் பொந்துகளிலும் தங்கும் மழைநீரையே. வலிகாமம், தென்மராட்சி, வடமராட்சி, தீவகம் எனத் தனித்தனியாக நான்கு முக்கிய நீர்தாங்கு படைகள் உண்டு. அவற்றுள் பெரியது, சுன்னாகம் படை என்று ஆய்வுகளில் குறிக்கப்படும் வலிகாமத்துப் படையாகும்.

இந்த நன்னீர், நிலத்துக்கடியில் உவர்நீரின் மேல் மிதக்கும் வில்லை வடிவிலான படையாக இருக்கிறது. நன்னீரின் அடர்த்தி கடல்நீரினதை விடச் சற்றுக் குறைவு என்பதால், கடல் மட்டத்துக்கு மேல் 1 மீற்றர் நன்னீர் நின்றால், கீழே ஏறத்தாழ 40 மீற்றர் ஆழம்வரை நன்னீர் இருக்கும் என்பது கைபன்–ஹேர்ஸ்பேர்க் தொடர்பின் கணக்கு. இக்கணக்கைத் திருப்பிப் பார்த்தால் ஆபத்து விளங்கும்: இயந்திரம் வைத்து அளவுக்கு மிஞ்சி இறைத்து நீர்மட்டத்தை ஒரு மீற்றர் இறக்கினால், உவர்நீர் எல்லை பல மீற்றர் மேலேறி வரும். நவக்கிரியிலுள்ள நிலாவரைக் கிணறு மேலே நன்னீரும் கீழே உவர்நீருமாக இருப்பது இந்த அமைப்பை எவரும் நேரில் விளங்கிக்கொள்ளக்கூடிய சான்று. கீரிமலையில் நன்னீர் கடலோரத்தில் ஊற்றெடுப்பதும் இதே சுண்ணக்கல்லின் வழியாகத்தான்.

புவியியல், விவசாயம், மருத்துவம், பொறியியல், சட்டம் ஆகிய எந்தத் துறையிலிருந்து வருபவரும் இந்த ஒரு படத்தை மனத்தில் வைத்துக்கொண்டால், குடாநாட்டின் சூழல் செய்திகளில் பெரும்பாலானவை ஒன்றோடொன்று தொடர்புற்றிருப்பதைக் காண்பார். மலக்குழி, உரம், குப்பைமேடு, சுண்ணக்கல் அகழ்வு, தூர்ந்த குளம், மின்நிலையக் கழிவெண்ணெய் ஆகிய யாவும் கடைசியில் கிணற்றுக்கே வந்து சேருகின்றன.

கிணற்று நீரில் நைத்திரேற்று கூடுதலாக உள்ளது என்று அடிக்கடி செய்தி வருகிறது. அந்த எண்களை எப்படி வாசிப்பது?

முதலில் அலகைப் பாருங்கள். உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டி அளவு, நைத்திரேற்றாகக் கணக்கிட்டால் லீற்றருக்கு 50 மில்லிகிராம். அதே அளவை நைத்திரேற்று–நைதரசனாகக் கணக்கிட்டால் ஏறத்தாழ 11.3 மில்லிகிராம். இரண்டு முறைகளும் ஆய்வுக் கட்டுரைகளில் புழங்குகின்றன. ஆகவே ஓர் அறிக்கையில் 15 என்றிருப்பது பாதுகாப்பானதா, வரம்பை மீறியதா என்பது எந்த முறையில் கணக்கிட்டார்கள் என்பதைப் பொறுத்தது. இதைக் கவனிக்காமல் இரண்டு ஆய்வுகளின் எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, நிலைமை நான்கு மடங்கு மோசமாகிவிட்டதென்றோ நன்றாகிவிட்டதென்றோ எழுதுவது பெரும் பிழை.

அடுத்து, மாதிரி எடுத்த மாதத்தைப் பாருங்கள். மாரி மழை தொடங்கியதும், செம்பாட்டு மண்ணில் தேங்கியிருந்த உரத்தின் மிச்சம் கரைந்து, பாறை வெடிப்புகள் வழியாக விரைவாகக் கீழிறங்குகிறது. பின்னர் மழைநீர் கலந்து செறிவு குறையவும் கூடும். ஆகவே புரட்டாதியில் எடுத்த மாதிரியும் தையில் எடுத்த மாதிரியும் ஒரே கிணற்றினுடையதாயினும் ஒப்பிடத்தக்கவை அல்ல. மூன்றாவதாக, அது தோட்டக் கிணறா, வீட்டுக் கிணறா என்று பாருங்கள். வெங்காயம், மிளகாய், புகையிலை, உருளைக்கிழங்கு என வருடம் முழுதும் பயிர் மாறி மாறி நிற்கும் வலிகாமத்துத் தோட்டங்களில் யூரியாவும் எருவும் முதற் காரணமாக இருக்கும். சிறு காணிகளில் வீடுகள் நெருங்கி நிற்கும் யாழ். நகரப் பகுதியில், அடி கட்டப்படாத மலக்குழிகளே பெருங்காரணம். அப்படிப்பட்ட இடத்தில் நைத்திரேற்றுடன், மலம் கலந்ததைக் காட்டும் கிருமிகளான மலக் கோலுருக்களும் காணப்படும். காரணம் வேறென்றால் தீர்வும் வேறு என்பதால், இவ்விரண்டையும் பிரித்துக் காட்டாத ஓர் ஆய்வு உள்ளூராட்சி மன்றத்துக்குப் பெரிதாக உதவாது.

குழந்தை பிறந்த வீடுகளுக்கு ஒரு செய்தியைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். நைத்திரேற்று கூடிய நீரில் பால்மா கரைத்துக் கொடுத்தால், ஆறு மாதத்துக்குட்பட்ட சிசுக்களின் குருதி ஒட்சிசனைச் சுமக்கும் திறனை இழந்து உடல் நீலம் பாரிக்கும் நோய் வரக்கூடும். நீரைக் கொதிக்க வைப்பதால் கிருமிகள் சாகுமேயன்றி நைத்திரேற்று நீங்காது. நீர் ஆவியாவதால் அதன் செறிவு சற்றுக் கூடவே செய்யும். சாதாரண மணல், கரி வடிகட்டிகளாலும் அது நீங்குவதில்லை. அத்தகைய கிணறுள்ள வீட்டார் சிசுவுக்கு வேறு நல்ல நீரையே பயன்படுத்த வேண்டும்.

எங்கள் வீட்டுக் கிணற்று நீரைப் பரிசோதிக்க என்ன செய்வது?

தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையின் ஆய்வுகூடத்தில் கட்டணம் செலுத்திப் பரிசோதிக்கலாம். இரசாயனச் சோதனைக்கான போத்தலை அதே கிணற்று நீரால் இருமுறை அலசிய பின் நிரப்ப வேண்டும். கிருமிச் சோதனைக்கு ஆய்வுகூடம் தரும் தொற்றுநீக்கிய போத்தலை அலசாமல் நிரப்பி, குளிரில் வைத்து அன்றைக்கே ஒப்படைப்பது நல்லது. குழாயிலிருந்து எடுப்பதாயின் சில நிமிடங்கள் நீரை ஓடவிட்டு எடுக்க வேண்டும். தாங்கியில் தேங்கிய நீரின் முடிவு கிணற்றின் முடிவு ஆகாது. எடுத்த திகதி, மழை பெய்து எத்தனை நாள், கிணற்றுக்கும் மலக்குழிக்கும் இடையிலான தூரம் ஆகியவற்றையும் குறித்து வைத்தால், அந்தத் தாள் பின்னொரு நாளில் ஆய்வுத் தரவாகப் பயன்படும்.

சுன்னாகம் கழிவெண்ணெய் விவகாரத்தை எந்தக் கோணத்தில் படிக்கலாம்?

மூன்று கோணங்களிலாவது படிக்க வேண்டும். சுன்னாகம் அனல் மின்நிலையப் பகுதியைச் சூழ்ந்த கிணறுகளில் எண்ணெய் கலந்திருப்பதாக மக்கள் முறையிட்டதும், உயர் நீதிமன்றத்தில் 2015 ஆம் ஆண்டு அடிப்படை உரிமை மனுவொன்று தாக்கல் செய்யப்பட்டதும், 2019 ஏப்ரலில் வழங்கப்பட்ட தீர்ப்பில் அங்கு இயங்கிய தனியார் மின்னுற்பத்தி நிறுவனம் 2 கோடி ரூபாய் இழப்பீடு செலுத்த வேண்டுமெனப் பணிக்கப்பட்டதும் பொதுப்பதிவில் உள்ளவை.

சட்டம் படிப்போர், மாசுபடுத்தியவரே அதற்கான செலவை ஏற்க வேண்டும் என்ற கோட்பாட்டை நமது ஊர்க் கிணறுகளின் மீது நீதிமன்றம் எப்படிப் பொருத்தியது என்பதை அத்தீர்ப்பில் முழுமையாக வாசிக்கலாம். 141/2015 என்ற மனு இலக்கத்தைக் கொண்டு உயர் நீதிமன்ற இணையத்தளத்தில் தேடலாம். இரசாயனவியல் மாணவர்களுக்கு வேறொரு பாடம் இருக்கிறது. எண்ணெயும் கிறீசும் என்ற பொதுச் சோதனை, நீரிலுள்ள எண்ணெய்த் தன்மையான பொருள்களின் மொத்த அளவையே காட்டும். அது டீசலா, உராய்வு நீக்கியா, சமையலறைக் கழிவா என்பதை அறிய கலவையின் கூறுகளைப் பிரித்தறியும் வாயு நிறப்பகுப்பியல் போன்ற முறைகள் வேண்டும். அக்காலத்தில் ஒன்றுக்கொன்று முரணான ஆய்வு முடிவுகள் வெளிவந்து மக்கள் குழம்பியதை நினைவில் வைத்து, எந்தச் சோதனை எந்தக் கேள்விக்கு விடை தரும் என்பதை முன்கூட்டியே வரையறுக்கப் பழக வேண்டும். சமூகவியல், ஊடகக் கற்கை மாணவர்கள், அம்முரண்பட்ட முடிவுகள் மக்களுக்கு எந்த மொழியில் எவ்வாறு சொல்லப்பட்டன என்பதை ஆராயலாம். இது மிகவும் வேண்டப்படும் ஆய்வு என்பது என் கருத்து. குடிக்கலாமா கூடாதா என்ற கேள்விக்கு விடை கிடைக்காமல் குடங்களுடன் தாங்கி வண்டிக்காகக் காத்து நின்றவர்களின் அனுபவம் இன்னும் உரியவாறு பதியப்படவில்லை.

தாளையடியில் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் இயங்கத் தொடங்கிய பின்னும் கிணற்றைப் பற்றிக் கவலைப்பட வேண்டுமா?

வேண்டும். மருதங்கேணிப் பகுதியில் தாளையடியில் 2024 ஓகஸ்ட்டில் திறந்துவைக்கப்பட்ட நிலையம் நாளொன்றுக்கு 24,000 கன மீற்றர் நீரை உற்பத்தி செய்யும் கொள்ளளவு உடையது. யாழ்ப்பாணம்–கிளிநொச்சி நீர் வழங்கல் திட்டம் முதலில் இரணைமடுக் குளத்திலிருந்து நீர் கொண்டுவருவதாகவே வரையப்பட்டது. தம் வயலுக்கு நீர் போதாமற் போகும் என்று கிளிநொச்சி விவசாயிகள் எதிர்த்ததால், கடல்நீரைச் சுத்திகரிக்கும் வழிக்குத் திட்டம் மாறியது. குடாநாட்டுக்கும் வன்னிக்கும் இடையில் நீரைப் பங்கிடுவதில் உள்ள நியாயம் எது என்ற கேள்வி அதனால் தள்ளிப்போடப்பட்டதேயன்றித் தீரவில்லை.

அழுத்தம் கொடுத்துச் சவ்வினூடாகச் செலுத்தி உப்பைப் பிரிக்கும் எதிர்ச் சவ்வூடுபரவல் முறையில் உள்ளெடுக்கும் கடல்நீரில் பாதிக்கும் குறைவான பங்கே நன்னீராகிறது. எஞ்சியது உப்புச் செறிந்த நீராகக் கடலுக்கே திரும்புகிறது. ஒரு கன மீற்றர் நன்னீருக்கு ஏறக்குறைய 3 முதல் 4 அலகு மின்சாரம் செலவாகும். வெளியேற்றும் இடத்தில் கடலடி உயிரினங்களுக்கும் கரைவலைத் தொழிலுக்கும் என்ன நேர்கிறது என்பதைப் பல ஆண்டுகள் தொடர்ந்து அளக்க வேண்டியது கடற்றொழில், விலங்கியல் துறைகளின் பொறுப்பு. மேலும், தோட்டத்துக்கு இறைப்பது என்றைக்கும் கிணற்று நீர்தான். குழாய் நீர் வந்துவிட்டது என்பதற்காகக் கிணற்றைக் கைவிட்டு அதையே குப்பைக் குழியாக்கும் வழக்கம் பரவினால், நிலத்தடி நீர் முழுதும் கெடும்.

பொறியியலாளர் ஆறுமுகம் 1950களில் முன்வைத்த ‘யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு’ திட்டத்தையும் இதனுடன் சேர்த்துப் படியுங்கள். ஆனையிறவுக் கடனீரேரியில் கனகராயன் ஆறு கொண்டுவரும் மாரி நீரைத் தடுத்து நன்னீராக்கி, முள்ளியான் வாய்க்கால் வழியாக வடமராட்சிக் கடனீரேரிக்கும், அங்கிருந்து உப்பாற்றுக்கும் கொண்டுவந்து, தொண்டமானாற்றிலும் அரியாலையிலும் தடுப்பணைகளால் காப்பது அதன் சாரம். அது முழுமையாக நிறைவேறவில்லை. அரைகுறையாகக் கட்டப்பட்ட தடுப்பணைகளால் ஏற்பட்ட நன்மை என்ன, உவர்நீரில் வாழும் இறாலுக்கும் மீனுக்கும் ஏற்பட்ட பாதிப்பு என்ன என்பவற்றை இன்றைய கருவிகளால் மீண்டும் அளக்கலாம்.

மழை, புயல், காலநிலை பற்றிய தரவுகளை எங்கே பெறலாம்?

வளிமண்டலவியல் திணைக்களத்தின் நிலையம் திருநெல்வேலியிலேயே உண்டு. நாளாந்த மழைவீழ்ச்சியைத் திணைக்கள இணையத்தளத்தில் காணலாம். நீண்டகாலத் தரவுத் தொடருக்குத் துறைத் தலைவரின் கடிதத்துடன் விண்ணப்பிக்க வேண்டும். அது வந்து சேரக் காலம் எடுக்கும் என்பதால், ஆய்வின் முதல் மாதத்திலேயே விண்ணப்பித்துவிடுங்கள். இடைக்காலத்தில் செய்மதி மழைத் தரவுகளை இலவசமாக இறக்கிப் பயிற்சி செய்யலாம். ஆயினும் குடாநாடு ஒடுங்கிய நிலம். செய்மதித் தரவின் ஒரு கட்டத்துக்குள் கடலும் நிலமும் கலந்துவிடுவதால், தரை அளவீட்டுடன் ஒப்பிடாமல் அதை மட்டும் வைத்து முடிவு எழுதக் கூடாது.

குடாநாட்டின் ஆண்டு மழையில் பெரும்பங்கு ஐப்பசி முதல் மார்கழி வரையான வடகீழ்ப் பருவக்காற்றுக் காலத்தில் விழுகிறது. ஆண்டு மொத்தம் மாறாதிருந்தாலும், அது எத்தனை நாள்களில் விழுகிறது என்பது நிலத்தடி நீருக்கு மிக முக்கியம். நாலைந்து நாள்களில் கொட்டித் தீர்க்கும் மழை வாய்க்கால் வழியே கடலுக்குப் போய்விடும். நின்று பெய்யும் மழையே குளத்தில் தேங்கி ஊறும். 2008 நவம்பரில் நிஷா, 2020 டிசம்பரில் புரெவி, 2024 நவம்பரில் பெங்கல் எனப் புயல்கள் கொண்டுவந்த வெள்ளங்களைப் பற்றிய ஆய்வில், பெய்த மழையின் அளவோடு, அடைபட்ட வாய்க்கால்களையும் மதில் எழுப்பி மறிக்கப்பட்ட வெள்ள வழிகளையும் சேர்த்தே வரைபடமாக்க வேண்டும். 1964 டிசம்பர்ப் புயல் போன்ற பழைய நிகழ்வுகளுக்கு, 1959 இல் தொடங்கிய ஈழநாடு பத்திரிகையின் இதழ்கள் நல்ல மூலம். கடற்கரையூர் முதியவர்களிடம் சோளகம், வாடை, கச்சான் ஆகிய காற்றுகள் மாறும் காலங்களைப் பற்றிக் கேட்டு எழுதுவதும் தரவு சேகரிப்பே. ஆண்டையும் இடத்தையும் உறுதிப்படுத்திக் கொள்ள வேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை.

மார்கழி, தை மாதங்களில் காற்று ஏன் மங்கலாக இருக்கிறது?

வடகீழ்க் காற்று இந்தியத் துணைக்கண்டத்திலிருந்து நுண்துகள்களைக் கொண்டுவருவது ஒரு காரணம். நாம் எரிக்கும் குப்பையும் வாகனப் புகையும் மற்றொன்று. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் காற்றின் தர அளவீடுகளை வெளியிடுகிறது. பி.எம். 2.5 எனப்படும் நுண்துகளுக்கு உலக சுகாதார நிறுவனம் 2021 இல் விதித்த வழிகாட்டி அளவு, 24 மணி நேரச் சராசரியாகக் கன மீற்றருக்கு 15 மைக்ரோகிராம். ஆண்டுச் சராசரியாக 5. ஒரு மணி நேர உச்சத்தை இந்த அளவுகளுடன் நேரடியாக ஒப்பிடுவது பொருந்தாது.

கடற்கரையில் ஒதுங்கும் பிளாஸ்ரிக் மணிகளை எவ்வாறு பதிவு செய்வது?

இவை பிளாஸ்ரிக் பொருள்கள் செய்வதற்கான மூலப்பொருளாகக் கப்பல்களில் ஏற்றப்படும் சிறு மணிகள். 2021 மே மாதத்தில் இவற்றை ஏற்றிவந்த எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல் கொழும்புக் கடலில் எரிந்தபின், கரையில் காணும் ஒவ்வொரு மணியையும் அக்கப்பலோடு இணைத்துப் பேசும் பழக்கம் ஏற்பட்டது. ஆனால் 2025 மே மாதத்தில் கேரளக் கரைக்கப்பால் எம்.எஸ்.சி. எல்சா 3 என்ற கப்பல் மூழ்கியதன் பின், யூன் மாதத்தில் இலங்கையின் வடகரைகளிலும் பிளாஸ்ரிக் மணிகள் ஒதுங்கின. தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்து நீரோட்டம் அவற்றைக் கொண்டுவந்தது. ஆகவே திகதி, இடம், காற்றுத் திசை, மணியின் நிறம், எரிந்த தடயம் உண்டா இல்லையா ஆகியவற்றைக் குறித்தே சேகரிக்க வேண்டும். ஒரு சதுர மீற்றர் சட்டத்தைக் கரையில் வைத்து எண்ணுவது எளிய முறை. ஒவ்வொரு முறையும் அதே கரையில், அலை எட்டும் அதே கோட்டில் எண்ண வேண்டும்.

நமது சொந்தக் குப்பையையும் இங்கே மறந்துவிடக் கூடாது. பொலித்தீன் உணவுத் தாளுக்கும் திறந்தவெளியில் குப்பை எரிப்பதற்கும் 2017 செப்ரெம்பர் முதல் தடை உண்டு. ஒருமுறை பாவிக்கும் பிளாஸ்ரிக் உறிஞ்சி, கோப்பை, கரண்டி போன்றவற்றுக்கு 2023 ஒக்ரோபர் முதல் தடை வந்தது. சிற்றுண்டிச்சாலையிலும் விடுதியிலும் இத்தடைகள் எவ்வளவு தூரம் பின்பற்றப்படுகின்றன என்பதை மாணவர்களே கணக்கெடுக்கலாம். மாநகரக் குப்பை போய்ச் சேரும் கல்லுண்டாய், கடனீரேரியை அண்டிய தாழ்நிலம் என்பதால், அங்கு ஊறி இறங்கும் கழிவுநீர் பற்றிய அளவீடுகளுக்கு மிகுந்த தேவை இருக்கிறது.

பறவைகள், கண்டல், தீவுகள் பற்றிய கள ஆய்வுக்கு அனுமதி வேண்டுமா?

பாதுகாக்கப்பட்ட இடமாயின் கட்டாயம் வேண்டும். 1938 இல் பறவைகள் சரணாலயமாகப் பிரகடனப்படுத்தப்பட்ட சுண்டிக்குளம், 2015 இல் தேசிய பூங்காவாக்கப்பட்டது. நெடுந்தீவில் கட்டாக்குதிரைகள் மேயும் பகுதியும் அதே ஆண்டில் அவ்வாறே ஆக்கப்பட்டது. இவற்றில் ஆய்வு செய்ய வனஜீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தின் எழுத்துமூல அனுமதி வேண்டும். தாவர, விலங்கு மாதிரிகளைச் சேகரிப்பதற்கும் இது பொருந்தும்.

மண்டைதீவு, அரியாலை, சரசாலை போன்ற இடங்களில் வீதியோரமாக நின்று வலசைப் பறவைகளைக் கணக்கெடுக்கலாம். ஒவ்வோர் ஆண்டும் தை மாதத்தில் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடைபெறுகிறது. பூநாரைகளைப் படம் பிடிக்கும் ஆவலில் அவற்றை எழுப்பிப் பறக்கவிடுவது, நெடுந்தூரப் பயணத்துக்குத் தீன் தேடும் பறவையின் சக்தியை வீணாக்கும் செயல். அப்படங்களைப் பாராட்டுவதை நாம் நிறுத்த வேண்டும்.

காற்றாலைத் திட்டங்கள் பற்றி நாம் என்ன நிலைப்பாடு எடுப்பது?

நிலைப்பாட்டுக்கு முன் இடத்தைப் பாருங்கள். மன்னாரில் 30 காற்றாடிகளுடன் ஏறத்தாழ 100 மெகாவாற்று கொள்ளளவுள்ள தம்பபவனி நிலையம் 2020 டிசம்பரில் இயங்கத் தொடங்கியது. மன்னாரிலும் பூநகரியிலும் அதானி குழுமம் அமைக்கவிருந்த 484 மெகாவாற்றுத் திட்டத்திலிருந்து அந்நிறுவனம் 2025 பெப்ரவரியில் விலகியது. மத்திய ஆசிய வலசைப் பாதையின் தென்முனையில் மன்னார் இருப்பதால், பறவைகள் பற்றிய அச்சம் ஆதாரமற்றதன்று. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகியவற்றுக்கான சூரிய, காற்று, மின்கலக் கலப்புத் திட்டம் இதிலிருந்து வேறானது. டீசல் மின்பிறப்பாக்கியில் தங்கியுள்ள தீவுகளின் சிறு தேவைக்கான திட்டம் அது. இரண்டையும் ஒரே தராசில் வைத்து ஆதரிப்பதோ எதிர்ப்பதோ சரியன்று.

ஒரு திட்டத்தின் சூழல் தாக்க அறிக்கையை மாணவர் ஒருவர் வாசிக்கவும் கருத்துச் சொல்லவும் முடியுமா?

முடியும். அதைச் செய்வோர் மிகக் குறைவு என்பதுதான் வருத்தம். 1980 ஆம் ஆண்டின் 47 ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டத்துக்கு 1988 இல் கொண்டுவரப்பட்ட திருத்தத்தின்படி, விதிக்கப்பட்ட வகைத் திட்டங்களுக்குச் சுற்றாடல் தாக்க மதிப்பீடு கட்டாயமாகும். அறிக்கை மக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டிருப்பதாக அறிவித்தல் வெளிவந்தபின், கருத்துச் சொல்ல 30 நாள் அவகாசம் உண்டு. அறிவித்தல் பத்திரிகைகளிலும் மத்திய சுற்றாடல் அதிகார சபையின் இணையத்தளத்திலும் வரும். கருத்தை எந்தக் குடிமகனும் தமிழில் எழுதி அனுப்பலாம்.

அறிக்கையை வாசிக்கும்போது, அடிப்படை நிலைத் தரவு எந்த மாதத்தில் எடுக்கப்பட்டது என்பதை முதலில் தேடுங்கள். கோடையில் மட்டும் பறவைகளைக் கணக்கெடுத்து, வலசைப் பறவைகள் குறைவு என்று முடிவு எழுதியிருந்தால், அந்த ஒன்றே வலுவான ஆட்சேபனையாகும். மாற்று இடங்கள் உண்மையாகவே ஆராயப்பட்டனவா, வெறும் பெயருக்குச் சேர்க்கப்பட்டனவா என்பதை அடுத்துப் பாருங்கள். “இத்திட்டத்தை எதிர்க்கிறோம்” என்று நூறு பேர் கையெழுத்திடுவதை விட, பக்க எண்ணைக் குறித்து ஒருவர் எழுப்பும் தெளிவான கேள்விக்கு அதிகாரிகள் பதில் சொல்ல வேண்டிய கட்டாயம் கூடுதல்.

அறிக்கையோ அனுமதிப்பத்திரமோ கிடைக்காவிடில், 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தைப் பயன்படுத்துங்கள். மணல் அகழ்வு அனுமதி, சுண்ணக்கல் அகழ்வு அனுமதி, நீர்ப் பரிசோதனை முடிவுகள் ஆகியவற்றை இதன்மூலம் கேட்கலாம். காரணம் சொல்லத் தேவையில்லை. தகவல் அலுவலர் 14 வேலை நாள்களுக்குள் தம் தீர்மானத்தை அறிவிக்க வேண்டும். மறுத்தால் அதே நிறுவனத்தின் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கும், பின் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழுவுக்கும் மேன்முறையிடலாம். “மணல் அகழ்வு பற்றிய எல்லா விபரமும் தருக” என்று கேட்காமல், “குடத்தனை கிழக்கில் இன்ன ஆண்டில் வழங்கிய அனுமதிகளின் பிரதிகள்” என்று கேட்டால் பதில் விரைவாக வரும்.

தமிழில் சூழல் கல்விக்கான ஆவணங்கள் எங்கே கிடைக்கும்?

2005 முதல் இயங்கும் நூலகம் எண்ணிம நூலகத்தில் ஈழத்துப் பத்திரிகைகள், பாடசாலை மலர்கள், விவசாய, அறிவியல் சஞ்சிகைகள் பல்லாயிரக்கணக்கில் இலவசமாக உள்ளன. ஊர் மலர்களில் குளங்களின் பெயர்களும், கோவில் கேணிகளின் வரலாறும், பழைய வெள்ளங்களின் குறிப்புகளும் புதைந்து கிடக்கின்றன. குடாநாட்டின் ஆயிரத்துக்கும் மேற்பட்ட குளங்களில் எவை தூர்ந்தன, எவற்றின்மேல் கட்டடம் எழுந்தது என்பதை அறிய இவை துணைசெய்யும். 1981 இல் யாழ். பொது நூலகம் எரிக்கப்பட்டபோது மீளப் பெறமுடியாத பதிவுகள் அழிந்ததால், வீடுகளில் எஞ்சியுள்ள ஒவ்வொரு மலரும் எண்ணிமப்படுத்தத் தக்கது.

பல்கலைக்கழக நூலகத்தின் இணையக் களஞ்சியத்தில் ஆய்வுக் கட்டுரைகள் உள்ளன. அவற்றில் பெரும்பாலானவை ஆங்கிலத்தில் இருப்பதே குறை. ஒரு கிணற்றுச் சொந்தக்காரர் தம் கிணற்றைப் பற்றி வெளிவந்த கட்டுரையைத் தாமே வாசிக்க முடியாத நிலை நீதியானதன்று. ஒவ்வோர் ஆய்வேட்டுடனும் இரண்டு பக்கத் தமிழ்ச் சுருக்கம் ஒன்றைக் கட்டாயமாக்குமாறு பீடச் சபைகளை வேண்டுகிறேன்.

ஓராண்டுக்குள் முடிக்கக்கூடிய ஆய்வுத் தலைப்புகள் எவை?

சிறிய இடத்தைத் தேர்ந்து இரண்டு பருவத்தையும் பாருங்கள் என்பதே பொதுவான ஆலோசனை. ஒரு கிராம அலுவலர் பிரிவில் முப்பது கிணறுகளின் நீர்மட்டத்தையும் மின்கடத்துதிறனையும் கோடை முடிவிலும் மாரி முடிவிலும் அளப்பது, குடாநாடு முழுவதும் ஒரே நாளில் ஓடி ஓடி எடுத்த மாதிரிகளை விட மதிப்புள்ளது. மின்கடத்துதிறன் மானி கையடக்கமானது. உவர் ஏறுவதை அது உடனே காட்டிவிடும். வழுக்கையாற்றுப் படுக்கையிலுள்ள குளங்களின் இணைப்பு வாய்க்கால்கள் இன்று எங்கே அறுபட்டுள்ளன என்று நடந்து பார்த்து வரைபடமாக்குவதும், மணற்காட்டு மணல்மேடுகளின் உருமாற்றத்தைப் பழைய செய்மதிப் படங்களுடன் ஒப்பிடுவதும், வடலி வளர்ப்புக்கும் வீதி அகலிப்புக்கும் இடையில் பனைகளின் எண்ணிக்கை எப்படி மாறுகிறது என்று ஓர் ஊரில் எண்ணுவதும் பெருஞ்செலவில்லாதவை.

கிணற்று ஆய்வு செய்பவர்கள் ஒன்றைச் செய்யத் தவறக்கூடாது. மாதிரி எடுக்கும் போதே வீட்டாரின் சம்மதத்தைப் பெற்று, அவர்களின் பெயரும் விலாசமும் கட்டுரையில் வராதென்று உறுதி கூறி, முடிவு வந்ததும் அதைத் தமிழில் எழுதி அவர்களின் கையிலேயே கொண்டுபோய்க் கொடுங்கள். வரம்பை மீறிய முடிவாயின், அந்தப் பகுதியின் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் யார், அவரை எப்போது சந்திப்பது என்பதையும் அதே தாளில் எழுதிக் கொடுங்கள்.